காகிதத்தில் விண்கலம்! மேசை மேல் போர்க்களம்!

ஒரு கத்தரிக்கோல். ஒரு பிளேடு. கொஞ்சம் பசை. நாலைந்து தாள் தடித்த காகிதம்.

இவ்வளவு இருந்தால் போதும். சந்திரனுக்குப் போன கலத்தை வீட்டு மேசையில் இறக்கி விடலாம்!

மழைத் தண்ணீரில் விடும் காகிதக் கப்பல் அல்ல இது. கதவு, சன்னல், ஏணி, கம்பி எல்லாம் அளவு பிசகாமல் இருக்கும். தூரத்தில் இருந்து பார்த்தால் உலோகம் என்றே தோன்றும். தொட்டுப் பார்த்த பிறகுதான் காகிதம் என்று தெரியும்.

இந்தக் கலையில் ஈடுபட்டவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளும் உண்டு. பென்ஷன் வாங்கும் தாத்தாக்களும் உண்டு. சிலர் விண்கலம் செய்கிறார்கள். சிலர் கோட்டை, கொத்தளம், படை, பீரங்கி என்று ஒரு யுத்தத்தையே மேசை மேல் நடத்துகிறார்கள்.

பெட்ரோல் போட்டால் கலம் இனாம்!

1969-ஆம் ஆண்டு ஜூலை மாதம். ஆம்ஸ்டிராங்கும் ஆல்டிரினும் சந்திரனில் கால் வைத்தார்கள். உலகமே அதைப் பற்றிப் பேசியது.

அந்த ஆண்டு அமெரிக்காவில் கல்ப் என்ற எண்ணெய்க் கம்பெனி ஒரு காரியம் செய்தது. தன் பெட்ரோல் பங்குகளுக்கு வந்தவர்களுக்கு ஓர் அட்டையை இனாமாகக் கொடுத்தது. அட்டையில் சந்திரக் கலத்தின் பாகங்கள் அச்சிடப்பட்டு இருந்தன. பிய்த்து எடுத்து, மடித்து, சொருகினால் நாலு காலும் ஒரு தலையுமாகக் கலம் எழுந்து நிற்கும்.

அப்பா காருக்குப் பெட்ரோல் போட்டார். பிள்ளை வீட்டுக்கு வந்து கலம் கட்டினான். அன்று பத்து வயதாக இருந்தவர்கள் பலர் இன்று தாத்தா ஆகிவிட்டார்கள். இன்னும் அந்த அட்டையைத் தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள்!

சுவரா? அட்டையா?

அந்தச் சந்திரக் கலத்தைப் பற்றி ஓர் ஆச்சரியமான செய்தி உண்டு.

உண்மையான கலத்தின் உயரம் சுமார் 7 மீட்டர். இரண்டு பேர் உள்ளே நிற்பார்கள். வெளியே காற்றே இல்லாத வெட்டவெளி. அப்படியானால் சுவர் எவ்வளவு கனமாக இருந்திருக்கும்? ஓர் அடியா? அரை அடியா?

இல்லை. மிக மெல்லிய இடங்களில் அலுமினியச் சுவரின் கனம் 0.3 மில்லி மீட்டர்தான்!

கலியாணப் பத்திரிகை அச்சடிக்கும் அட்டையும் ஏறக்குறைய அவ்வளவு கனம்தான். எடை கூடினால் சந்திரனில் இருந்து கிளம்ப முடியாது. அதனால் சுரண்டிச் சுரண்டி மெல்லியதாக்கினார்கள். ஆக, அட்டையில் சந்திரக் கலம் செய்கிறவன் சுவர் கனத்தில் மட்டும் அசலுக்குச் சமமாகச் செய்து விடுகிறான்!

கலத்தின் கீழ்ப் பாகத்தில் தங்க நிறத்தில் ஒரு மெல்லிய தாள் சுற்றி இருந்தது. சூரிய வெப்பம் உள்ளே போகாமல் தடுக்க அது உதவியது. மாதிரி செய்கிறவர்கள் அதற்கு என்ன செய்கிறார்கள் தெரியுமா? மிட்டாய் சுற்றி வரும் பொன் நிறத் தாளைக் கசக்கி ஒட்டி விடுகிறார்கள். அச்சாக அப்படியே இருக்கும்.

கடலைப் பொட்டலக் கணக்கு

தட்டையான காகிதம் எப்படி உருண்டை ராக்கெட் ஆகிறது? இதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

கடலைப் பொட்டலத்தைப் பிரித்து, அதிகமாக உள்ள காகிதத்தை வெட்டி விட்டுப் பாருங்கள். விசிறி போல இருக்கும். விசிறி வடிவத்தில் வெட்டிச் சுருட்டினால் கூம்பு. ராக்கெட்டின் மூக்கு தயார்!

குழாய் செய்வது இன்னும் சுலபம். நீள் சதுரத் தாளைச் சுருட்டினால் குழாய்.

உருண்டைதான் தொல்லை கொடுக்கும். எந்தத் தாளையும் சுருக்கம் விழாமல் பந்தின் மேல் போர்த்த முடியாது. அதற்கு ஒரு தந்திரம் செய்கிறார்கள். ஆரஞ்சுப் பழத்தின் தோலைக் காம்பில் இருந்து அடிவரை கீற்றுக் கீற்றாக உரித்தால் எப்படி இருக்கும்? நடுவில் அகன்று, இரண்டு முனையிலும் கூர்மையாக இருக்கும். அதே போல 8 கீற்றோ 12 கீற்றோ வெட்டி, ஓரத்தோடு ஓரம் சேர்த்து ஒட்டுகிறார்கள். கீற்று எவ்வளவு அதிகமோ, உருண்டை அவ்வளவு சுத்தமாக வரும். பொறுமையும் அவ்வளவு அதிகம் வேண்டும்!

இனி அளவு. சந்திரனுக்கு மனிதனை அனுப்பிய சாடர்ன்-5 ராக்கெட்டின் உயரம் 363 அடி. அடிப்பாகத்தின் குறுக்களவு 33 அடி. இதை 200-ல் ஒரு பங்காகச் செய்வதாக வைத்துக் கொள்ளுங்கள். உயரம் சுமார் 55 சென்டி மீட்டர் வரும். குறுக்களவு 5 சென்டி மீட்டர். அந்தக் குழாயைச் சுருட்ட 15.7 சென்டி மீட்டர் அகலத் தாள் வேண்டும். ஒட்டுவதற்கு ஓரத்தில் கொஞ்சம் தனியாக விட வேண்டும்.

கத்தி அரை மில்லி மீட்டர் தவறினால் என்ன ஆகும்? அசல் ராக்கெட்டில் அது 10 சென்டி மீட்டர் தவறு! ஒரு வளையத்தில் தவறு நேர்ந்தால் அடுத்த வளையம் சேராது. ராக்கெட் குடிகாரனைப் போல் சாய்ந்து நிற்கும்.

கைப் பக்குவங்களும் உண்டு. மடிக்கும் இடத்தில் மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் ஒரு கோடு அழுத்தி இழுக்க வேண்டும். அப்போதுதான் மடிப்பு நேராக விழும். வளைக்க வேண்டிய தாளை மேசை விளிம்பில் வைத்து மெதுவாக இழுத்தால் தானே சுருளும். வெட்டிய ஓரம் வெள்ளையாகத் தெரியும். அதே வர்ணத்தை ஓரத்தில் தீட்டி விட்டால் மறைந்து விடும். பசையை ஊற்றக் கூடாது. குச்சியின் நுனியில் தொட்டு வைக்க வேண்டும். பசை அதிகமானால் காகிதம் ஊறி அப்பளம் போல நெளிந்து விடும்.

படங்களுக்குப் பஞ்சம் இல்லை. காசினி, வாயேஜர் போன்ற தன் விண்கலங்களின் காகித மாதிரிகளை அமெரிக்காவின் நாசா நிறுவனமே இலவசமாக வெளியிட்டு இருக்கிறது. கம்ப்யூட்டரில் எடுத்து அச்சிட்டுக் கொள்ளலாம். நிஜக் கலங்கள் மட்டும்தானா? சினிமாவில் வரும் கற்பனைக் கலங்களையும் விடுவதில்லை. கறுப்பு அட்டையில் நட்சத்திரம் தெளித்து, கண்ணுக்குத் தெரியாத நூலில் கலங்களைத் தொங்க விட்டு, பஞ்சுக்குள் சின்ன பல்பு வைத்துக் குண்டு வெடிப்பு காட்டுகிறார்கள். ஒரு பெட்டிக்குள் ஆகாய யுத்தம்!

மூன்று உயிர், ஒரு துண்டு அட்டை

"அட்டையும் பசையும் பிள்ளை விளையாட்டு" என்று சிரிப்பவர்கள் உண்டு. அவர்கள் அப்போலோ-13 கதையைக் கேட்க வேண்டும்.

1970 ஏப்ரல். லவெல், ஸ்விகெர்ட், ஹெய்ஸ் என்ற மூன்று பேர் சந்திரனை நோக்கிப் போய்க் கொண்டு இருந்தார்கள். பூமியில் இருந்து சுமார் 2 லட்சம் மைல் தூரத்தில், கலத்தில் இருந்த பிராண வாயுத் தொட்டி வெடித்தது. தாய்க் கலம் செயல் இழந்தது. மூவரும் சந்திரக் கலத்துக்குள் புகுந்து உயிர் தப்பினார்கள்.

ஆனால் அந்தக் கலம் இரண்டு பேர் இரண்டு நாள் தங்குவதற்காகச் செய்தது. இப்போது மூன்று பேர். ஏறக்குறைய நாலு நாள்! அவர்கள் விடும் மூச்சில் இருந்து வரும் கரியமில வாயு உள்ளே சேர்ந்து கொண்டே போனது. அது அதிகமானால் மயக்கம் வரும். பிறகு மரணம்.

அந்த வாயுவை உறிஞ்சும் மருந்துப் பெட்டிகள் தாய்க் கலத்தில் நிறைய இருந்தன. ஆனால் ஒரு விபரீதம்! தாய்க் கலத்துப் பெட்டி சதுரம். சந்திரக் கலத்துத் துவாரமோ வட்டம். ஒன்றில் ஒன்று பொருந்தாது.

பூமியில், ஹூஸ்டன் நகரில், என்ஜினீயர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கலத்துக்குள் என்ன என்ன சாமான் இருக்கிறதோ அதை மட்டுமே கையில் எடுத்தார்கள். பிளாஸ்டிக் பை. விண்வெளி உடுப்பின் ரப்பர்க் குழாய். ஒட்டும் நாடா. குறிப்புப் புத்தகத்தின் அட்டை.

அவற்றை வைத்து ஒரு மாதிரியைச் செய்தார்கள். சோதித்தார்கள். வேலை செய்தது! "இதை இப்படி வெட்டு, அதை அப்படி மடி, இங்கே ஒட்டு" என்று ரேடியோவில் படிப்படியாகச் சொன்னார்கள். மேலே இருந்தவர்கள் அப்படியே செய்தார்கள். கரியமில வாயு இறங்கியது. ஏப்ரல் 17-ந் தேதி மூவரும் பசிபிக் கடலில் பத்திரமாக வந்து விழுந்தார்கள்.

வழவழவென்று எழுதினாலும் அவ்வளவுதான் கதை. புத்தக அட்டையை மடித்து மூன்று உயிரைக் காப்பாற்றினார்கள்.

காகிதம் மடிக்கும் வித்தை வேறு விதத்திலும் வானத்துக்குப் போனது. ஜப்பானியர் காகிதம் மடிப்பதில் கெட்டிக்காரர்கள். மியூரா என்ற விஞ்ஞானி ஒரு மடிப்பைக் கண்டு பிடித்தார். ஒரு மூலையைப் பிடித்து இழுத்தால் முழுத் தாளும் ஒரே சமயத்தில் விரியும். 1995-ல் ஜப்பான் அனுப்பிய ஒரு விண்கலத்தில் அந்த மடிப்பின்படி ஒரு தகடு மடித்து வைக்கப்பட்டது. மேலே போன பிறகு விரிந்தது.

யுத்த காலத்துக் கார்டு

யுத்தமும் காகித மாதிரியும் பழைய சிநேகிதர்கள்.

இரண்டாம் உலக யுத்தம் நடந்த சமயம். இங்கிலாந்தில் எல்லாவற்றுக்கும் ரேஷன். மரம் கிடைக்காது. உலோகம் கிடைக்காது. விளையாட்டுச் சாமான் எங்கே கிடைக்கும்? 1941-ல் ஜெப்ரி ஹெய்வே என்பவர் தபால் கார்டு அளவில் சின்னஞ்சிறு மாதிரிகளை அச்சிட்டு விற்றார். கப்பல், ரயில், கோட்டை எல்லாம் உள்ளங்கை அளவில்! சுருட்டுப் பெட்டி ஒன்று இருந்தால் அதுவே தொழிற்சாலை. தபாலில் அனுப்பலாம். பட்டாளத்துக்காரன் பையில் வைத்துக் கொள்ளலாம்.

போலந்து நாட்டில் 1957-ல் "மாவி மொடெலாஷ்" என்ற பத்திரிகை தொடங்கியது. "சின்ன மாதிரிக் கலைஞன்" என்று பொருள். வெட்டி ஒட்டினால் கப்பலாகவோ விமானமாகவோ டாங்கியாகவோ மாறும் பக்கங்கள் அதில் வந்தன. பிளாஸ்டிக் பொம்மைகள் கிடைக்காத காலம் அது. ஒரு தலைமுறையே அந்தப் பத்திரிகையை வெட்டி வளர்ந்தது. படிக்கிற பத்திரிகையைக் கிழித்தால் அடி விழும். அங்கே கிழிக்காமல் இருந்தால்தான் குறை!

ராஜாவின் ரகசிய அறை

இன்னும் பின்னால் போனால் பிரான்சு தேசத்து ராஜா பதினாலாம் லூயி வருகிறார்.

1668-ல் அவருடைய யுத்த மந்திரி லூவுவா ஓர் உத்தரவு போட்டார். எல்லையில் உள்ள கோட்டை நகரங்களை அளவு குறைத்து மாதிரியாகச் செய்ய வேண்டும் என்றார். செய்தார்கள். வீடுகள் மரத்தில், அவற்றின் மேல் வர்ணக் காகிதம். மரங்கள் பட்டு நூலில். வயலுக்கு மணல். அசலில் 600 அடி என்றால் மாதிரியில் ஒரு அடி.

இவை அழகுக்காகச் செய்தவை அல்ல. எந்த மேட்டில் பீரங்கி வைத்தால் எந்தச் சுவர் இடியும் என்று ராஜா உட்கார்ந்த இடத்தில் இருந்தே பார்க்கலாம். அதனால் இவை ராஜாங்க ரகசியம். பாரிஸ் லூவர் அரண்மனையின் பெரிய மண்டபத்தில் வைத்துப் பாதுகாத்தார்கள். கண்டவர்கள் உள்ளே நுழைய முடியாது.

1815-ல் நெப்போலியன் தோற்றான். பாரிசுக்குள் நுழைந்த பிரஷ்யர்கள் இந்த மாதிரிகளில் பலவற்றைப் பெட்டி கட்டி பெர்லினுக்கு எடுத்துப் போனார்கள். தங்கத்தோடு அட்டை நகரங்களும் போயின! அவற்றில் எஞ்சிய சில 1948-ல்தான் பிரான்சுக்குத் திரும்பின. இப்போது லீல் நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

75 ஆயிரம் சிப்பாய்கள்

நெப்போலியன் தோற்ற அந்த யுத்தம்தான் வாட்டர்லூ. 1815 ஜூன் 18. ஒரு பக்கம் நெப்போலியன். மறு பக்கம் ஆங்கிலத் தளபதி வெல்லிங்டன். சாயங்காலம் அவருக்குத் துணையாக வந்து சேர்ந்தவர் பிரஷ்யத் தளபதி புளூகர்.

இந்த யுத்தத்தைப் பொம்மையாகச் செய்யப் போய் ஒரு மனிதர் தன் வாழ்வையே கரைத்துக் கொண்டார். அவர் பெயர் வில்லியம் சிபோர்ன். ஆங்கிலப் பட்டாளத்தில் லெப்டினெண்ட். வாட்டர்லூவில் சண்டை போட்டவர் அல்ல. ஆனால் நிலத்தை அளந்து மாதிரி செய்வதில் நிபுணர். அதைப் பற்றிப் புத்தகமே எழுதியவர்.

1830-ல் அவருக்கு உத்தரவு வந்தது. வாட்டர்லூ களத்தை மாதிரியாகச் செய்ய வேண்டும். சிபோர்ன் பெல்ஜியம் போனார். யுத்தத்தின் நடுவே இருந்த லா ஏ சான்த் என்ற பண்ணை வீட்டில் எட்டு மாதம் தங்கினார். மேடு, பள்ளம், வேலி, வாய்க்கால் எல்லாவற்றையும் அளந்தார்.

அதற்குள் களமே மாறி விட்டு இருந்தது. யுத்தத்தின் நினைவாக ஒரு செயற்கைக் குன்று எழுப்பி, மேலே சிங்கத்தின் சிலையை வைத்து இருந்தார்கள். அதற்கு மண் எடுத்ததில் வெல்லிங்டன் நின்ற மேடு தாழ்ந்து போயிற்று!

சிபோர்ன் விடவில்லை. யுத்தத்தில் கலந்து கொண்ட அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார். சாயங்காலம் சுமார் 7 மணிக்கு உங்கள் படை எங்கே நின்றது? எதிரி எங்கே நின்றான்? வயலில் என்ன பயிர் இருந்தது? இப்படிக் கேள்விகள். சுமார் 700 பதில்கள் வந்தன.

இந்தச் சமயத்தில் சர்க்கார் கையை விரித்தது. "இனிப் பணம் இல்லை" என்று 1833-ல் சொல்லி விட்டார்கள். சிபோர்ன் கைப் பணத்தைப் போட்டார். கடன் வாங்கினார். மொத்தச் செலவு சுமார் 3,000 பவுன். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை.

1838-ல் மாதிரி முடிந்தது. ஏறக்குறைய 400 சதுர அடி! அதன் மேல் சுமார் 75 ஆயிரம் ஈயப் பொம்மைகள். ஒவ்வொன்றும் ஒரு சென்டி மீட்டர் உயரம். ஒரு பொம்மை என்றால் இரண்டு சிப்பாய் என்று கணக்கு. நிலத்தின் அளவுப்படி பார்த்தால் மனிதன் 3 மில்லி மீட்டர்தான் இருக்க வேண்டும். அப்படிச் செய்தால் கண்ணுக்குத் தெரியாதே!

லண்டன் பிக்காடிலியில் இதைக் காட்சிக்கு வைத்தார்கள். நுழைவுச் சீட்டு ஒரு ஷில்லிங். ஒரு லட்சம் பேர் வந்து பார்த்தார்கள். 20 ஷில்லிங் ஒரு பவுன். கணக்குப் போட்டால் 5,000 பவுன் வசூல். ஆனால் சிபோர்ன் போட்ட பணம் அவர் கைக்குத் திரும்பவில்லை!

யாருடைய வெற்றி?

கடனை விடப் பெரிய தொல்லை வேறு பக்கம் இருந்து வந்தது.

சிபோர்ன் பிரஷ்யர்களிடமும் விவரம் கேட்டு இருந்தார். அதன்படி மாலை 7 மணிக் களத்தில் பிரஷ்யப் படையைப் பெரிய அளவில் நிறுத்தினார். மாதிரியைப் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? பிரஷ்யர்கள் பக்கவாட்டில் புகுந்ததால்தான் நெப்போலியன் தோற்றான் என்று நினைப்பான்.

வெல்லிங்டன் அப்போது உயிரோடு இருந்தார். பிரதமர் பதவியும் வகித்தவர். வாட்டர்லூ அவர் பெயரோடு ஒட்டிக் கொண்ட வெற்றி. ராணுவத் தலைமை அலுவலகத்தில் காரியதரிசியாக இருந்தவர் பிட்ஸ்ராய் சாமர்செட். வாட்டர்லூவில் வெல்லிங்டன் பக்கத்தில் இருந்து வலது கையை இழந்தவர். பிரஷ்யர்களை நிறுத்திய இடம் தவறு என்று அந்தத் தரப்பில் இருந்து ஆட்சேபம் வந்தது.

சிபோர்ன் கடன்பட்டவர். பட்டாளத்தில் சம்பளம் வாங்குகிறவர். எத்தனை நாள் எதிர்த்து நிற்பார்? கடைசியில் இணங்கினார். 40 ஆயிரம் பிரஷ்யர்களைக் குறித்த பொம்மைகள் களத்தில் இருந்து அகற்றப்பட்டன. நிஜ யுத்தத்தில் நெப்போலியனால் விரட்ட முடியாத படை அது!

எந்தக் கணக்கு சரி என்பதில் சரித்திர ஆசிரியர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். 7 மணிக்குப் பிரஷ்யர் எத்தனை பேர் எங்கே இருந்தார்கள் என்பதற்குக் கட்டுக் கட்டாகப் புத்தகங்கள் வந்து விட்டன. இன்ன நேரம் என்று சொல்ல, சண்டை போட்டவர்கள் எல்லோரும் கடிகாரம் பார்த்துக் கொண்டா இருந்தார்கள்?

சிபோர்ன் 1844-ல் யுத்தத்தின் சரித்திரத்தைப் புத்தகமாக வெளியிட்டார். அதே காலத்தில் இன்னொரு மாதிரியும் செய்தார். அதில் பொம்மைகள் பெரியவை. மத்தியானம் ஆங்கிலக் குதிரைப் படை பாய்ந்த காட்சி. 1849-ல் அவர் இறந்தார். வயது 51.

பெரிய மாதிரி இப்போது லண்டன் செல்சியில் உள்ள தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குதிரைப் படை மாதிரி லீட்ஸ் நகரில் இருக்கிறது. அதிகாரிகள் எழுதிய கடிதங்களைச் சிபோர்ன் பத்திரமாக வைத்து இருந்தார். அவற்றில் ஒரு பகுதியை அவருடைய மகன் 1891-ல் அச்சிட்டார். வாட்டர்லூவைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்றும் முதலில் புரட்டுவது அந்தக் கடிதங்களைத்தான்.